களிமண், கல், உடைந்த ஓடு

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சில ஆண்டுகளையும் பெயர்களையும் பிறகு சேர்த்திருக்கிறேன்.)

ரொறொன்ரோவில் இருப்பவர்களுக்கு இது மத்தியானம், சிட்னி நண்பர்களுக்கு நடுச்சாமம் தாண்டிவிட்டது. நித்திரையை விட்டுவிட்டு ஒரு ஜேர்மன் றொக் குழுவின் கதையைக் கேட்க வந்திருக்கிறீர்கள், நன்றி. வழக்கமாக நாவல், கவிதை என்று பேசுகிற இந்த அரங்கில் இது எதற்கு என்று ஏற்பாட்டாளர்களில் ஒருவரே கேட்டார். மொழி பற்றிய கதைதான் இது என்று சொல்லித்தான் இடம் வாங்கினேன்.

நான் மேற்கு பேர்லினுக்கு வந்தது 1985இல். அந்தக் காலத்தில் நம்மவர்கள் பலரும் வந்த பாதைதான்: கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயில் ஏறி, இந்தப் பக்கம் வந்து சேருவது. முதல் மாதங்களில் மொழி வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு பழைய வீட்டுச் சுவரில் ஆள் உயர எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது. ‘கைனெ மாஹ்ட் ஃப்யூர் நீமான்ட்.’ அகராதி வைத்துப் பார்த்தேன். கைனெ என்றால் இல்லை, மாஹ்ட் என்றால் அதிகாரம், நீமான்ட் என்றால் ஒருவருமில்லை. ‘ஒருவருமில்லாதவருக்கு அதிகாரமில்லை’ என்று வந்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வகுப்பில் கேட்டேன். ஆசிரியை சிரித்துவிட்டு, பள்ளிக்கூட இலக்கணப்படி இது பிழை, இரண்டு மறுப்பு ஒன்றையொன்று வெட்டிவிடும் என்றார். ஆனால் பேர்லின் தெருவில் பேசுகிற பாஷையில் இரண்டு மறுப்பு வந்தால் அழுத்தம்தான் கூடும். ‘யாருக்கும், எவருக்கும், அதிகாரமே வேண்டாம்’ என்பது மாதிரி. பிறகு, இது ஒரு இசைத்தட்டின் தலைப்பு என்றும் சொன்னார். நான் வாசித்து விளங்கிக்கொண்ட முதல் ஜேர்மன் வசனம் இலக்கணப் பிழையான ஒன்று என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம் உண்டு.

அந்த இசைத்தட்டு 1972இல் வந்தது. குழுவின் பெயர் டோன் ஷ்டைனெ ஷெர்பன். நான் வந்த அதே 1985இல்தான் அந்தக் குழு கலைந்தது. சுவரில் இருந்தவர்கள் மேடையில் இல்லை.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஷ்டைனெ கற்கள், ஷெர்பன் உடைந்த ஓட்டுத் துண்டுகள். டோன் என்ற சொல்லுக்கு ஜேர்மனில் இரண்டு பொருள்: களிமண், ஒலி. ட்ரோய் நகரத்தைத் தோண்டிய ஹைன்ரிஹ் ஷ்லீமான் தான் கண்டெடுத்ததைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளிலிருந்து எடுத்தோம் என்பது குழுவினர் சொன்ன கதை. அந்நாளில் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் பெயர் ‘பௌ-ஷ்டைனெ-எர்டன்’ என்று இருந்ததால், கேட்டவர்களுக்கு அதுவும் காதில் ஒலித்திருக்கும். தோண்டி எடுத்த ஓடும் தொழிலாளர் சங்கமும் ஒலியும் ஒரே பெயருக்குள். இவ்வளவு கெட்டிக்காரத்தனமான பெயர் வைத்த குழுக்கள் குறைவு.

1960களின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜேர்மன் நகரம் ஒவ்வொன்றிலும் கிட்டார் தூக்கிய பையன்கள் இருந்தார்கள். எல்லோரும் ஆங்கிலத்தில் பாடினார்கள். காரணம் வெறும் நாகரிக மோகம் மட்டுமல்ல. ஜேர்மனில் கூட்டமாகப் பாடுவது என்றால் அப்பாமார் தலைமுறையின் அணிவகுப்புப் பாட்டுத்தான் ஞாபகம் வரும். அதற்கு வெளியே இருந்தது ‘ஷ்லாகர்’ என்ற இனிப்புப் பாட்டு: மலை, வைன், இத்தாலிய விடுமுறை. கோபத்தைச் சொல்லப் பாட்டில் ஒரு ஜேர்மன் மிச்சமிருக்கவில்லை. தனியாகக் கிட்டார் மீட்டிப் பாடிய கவிஞர்கள் இருந்தார்கள்தான். ஆனால் அவர்களுடையது படித்தவர்களின் ஜேர்மன், உட்கார்ந்து கேட்கிற ஜேர்மன். 1967 யூன் 2ஆம் திகதி, ஈரான் ஷாவின் வருகைக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் பென்னோ ஓனசோர்க் என்ற மாணவனைப் பேர்லின் பொலிஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு மாணவர் தலைவர் ரூடி டுட்ச்கே தலையில் சுடப்பட்டார். தெரு முழுக்கக் கோபம். அதற்குப் பின்னணி இசை மட்டும் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி.

இந்த இடைவெளிக்குள்தான் ரால்ஃப் மோபியுஸ் வருகிறார். 1950 ஜனவரியில் பேர்லினில் பிறந்தவர். தகப்பனாரின் வேலை காரணமாக ஊர் ஊராக மாறி வளர்ந்தவர். புகைப்படத் தொழில் பழகப் போய்ப் பாதியில் விட்டவர். பின்னால் தனக்கு ரியோ ரைசர் என்று பெயர் வைத்துக்கொண்டார். ரைசர் என்பது கார்ல் ஃபிலிப் மோரிட்ஸ் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘அன்டோன் ரைசர்’ நாவலின் நாயகன் பெயர். அவமானப்பட்டு வளர்ந்து நாடகமேடைக்கு ஏங்குகிற ஒரு ஏழைப் பையன். றொக் பாடகன் ஒருவன் தன் பெயரை நாவலிலிருந்து எடுக்கிறான் என்றால் நம் அரங்குக்கு அவன் அந்நியன் இல்லை.

ரியோவின் அண்ணன்மார் பீட்டரும் கெர்ட்டும் ‘ஹோஃப்மான்ஸ் கொமிக் தேயாட்டர்’ என்று ஒரு நாடகக் குழு நடத்தினார்கள். முகமூடி போட்டுக்கொண்டு தெருவிலும் இளைஞர் விடுதிகளிலும் போடுகிற நாடகம். தொழில் பழகும் பையன்களைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது, பட்டறையில் மேஸ்திரி என்ன சொல்லித் திட்டுவார் என்று கேட்டு, அதையே நடிக்க வைப்பார்கள். பாட்டுகளுக்கான சொற்கள் அங்கிருந்துதான் வந்தன. ஏன் இவ்வளவு காலையில் எழும்ப வேண்டும், ஏன் கையில் காசு நிற்பதில்லை என்கிற வகைப் பேச்சு. என் அபிப்பிராயத்தில் இந்தக் குழுவின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். அரசியல் கோட்பாடு அவர்களுக்கு இரவல். அந்த வாய்மொழி அவர்களுடைய சொந்தம்.

1970இல் ரியோ, கிட்டாரில் லான்ரூ, பேஸ் கிட்டாரில் காய் சிஷ்டர்மான், தாளத்தில் வோல்ஃப்காங் சைடல் ஆகிய நால்வரும் குழுவாகிறார்கள். முதல் தட்டு அதே ஆண்டு. ‘உங்களை உடைப்பதை உடையுங்கள்’ என்று பொருள்படும் தலைப்பு. முன்பு நாடகத்துக்காக எழுதப்பட்ட பாட்டு. பெரிய கம்பனிகளிடம் போகாமல் தாங்களே வெளியிட்டார்கள். பிறகு ‘டாவிட் ஃபோல்க்ஸ்முன்ட்’ என்று சொந்த நிறுவனம். கோலியாத்தை விழுத்திய தாவீது ஒரு பாதி, ஃபோல்க்ஸ்முன்ட் என்றால் மக்கள் வாய். சின்னம் கவண்.

முதல் பெரிய மேடை பால்டிக் கடலில் உள்ள ஃபேமார்ன் தீவு, 1970 செப்டெம்பர். மழையும் காற்றுமாக மூன்று நாள் நடந்த விழா. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் வாழ்க்கையின் கடைசிப் பெரிய மேடை நிகழ்ச்சியை அங்கேதான் செய்தார். பன்னிரண்டு நாள் கழித்து இலண்டனில் இறந்துபோனார். இவர்கள் மேடை ஏறும்போது, ஏற்பாட்டாளர்கள் வசூல் பணத்தோடு போய்விட்டார்கள் என்ற செய்தி பரவியிருந்தது. சம்பளம் கிடைக்காத வேலையாட்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்து ரியோ ஏற்பாட்டாளர்களுக்கு எதிராகத் தூண்டிப் பேசினார், குழு தன் பாட்டைப் பாடியது, விழா தீயில் முடிந்தது. பாட்டு உடை என்றது, சனம் உடைத்தது என்று பத்திரிகைகளுக்கு அல்வா மாதிரி ஒரு கதை. தீயை மூட்டியது கொடுக்கப்படாத சம்பளம் என்றுதான் நான் சொல்லுவேன். ஆனால் குழுவும் அந்தப் புகழை மறுத்ததில்லை, அது அவர்களுக்கு வசதியாக இருந்தது. பின்னால் அதற்கு விலையும் கொடுத்தார்கள்.

இன்னொரு சம்பவம் இன்றும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1971 டிசெம்பர் தொடக்கத்தில் மேற்கு ஜேர்மன் தொலைக்காட்சியில் ஒரு விவாதம்: றொக் இசை எதிர்ப்பா, வியாபாரமா? குழுவின் சார்பில் போனவர் நிக்கல் பல்லாட். நிர்வாகமும் பார்ப்பார், சாக்ஸபோனும் ஊதுவார். முன்பு வரித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். எதிரே இசைத் தயாரிப்பாளர் ரோல்ஃப்-உல்ரிஹ் கைசர். பேச்சு முற்றியதும் பல்லாட் கோட்டுக்குள்ளிருந்து கோடரியை எடுத்து மேசையைக் கொத்தத் தொடங்கினார். ஒரு கொத்து, இரண்டு கொத்து. மேசை உடையவில்லை! கடைசியில் களைத்துப்போய், சிறையில் இருக்கும் இளைஞர்களுக்குத் தேவை என்று சொல்லி ஒலிவாங்கிகளைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். நானும் பிள்ளைகளும் அதைப் பார்த்துச் சிரிக்காத வருடமில்லை. அந்த மேசை தச்சருக்கு ஒரு விருது கொடுத்திருக்கலாம்.

சிரிப்பு அதோடு நின்றது. டிசெம்பர் 4ஆம் திகதி பேர்லின் எய்ஸனாஹர் தெருவில் கியோர்க் ஃபொன் ரௌஹ் என்ற 24 வயது அராஜகவாதி பொலிஸ் சூட்டில் இறந்தார். நான்கு நாள் கழித்து, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கண்டனக் கூட்டம், அதில் இந்தக் குழுவின் இசை. கூட்டம் முடிந்து பல நூறு பேர் குரோய்ட்ஸ்பெர்க் வரை வந்து, மரியானன்பிளாட்ஸ் சதுக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்துக்குள் புகுந்தார்கள். பழைய பெத்தானியன் மருத்துவமனையின் தாதியர் விடுதி. அதற்கு ‘கியோர்க் ஃபொன் ரௌஹ் இல்லம்’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்த இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பெத்தானியன் 1840களில் கட்டப்பட்டது. நாவலாசிரியர் தியோடோர் ஃபொன்டானே எழுத்தை நம்பி வாழத் தொடங்குவதற்கு முன் அங்கே மருந்தாளராக வேலை பார்த்தார். அவர் மருந்து கலந்த அறை இன்றும் இருக்கிறது. மருத்துவமனையை 1970இல் மூடினார்கள். சதுக்கத்தின் ஓரத்திலேயே பேர்லின் சுவர். குரோய்ட்ஸ்பெர்க்கின் ஊடாக ஒரு நெடுஞ்சாலை கொண்டுவருவதாக நகரத்தின் திட்டம். அதனால் பழைய வீடுகளைத் திருத்தாமல், ஆட்களைக் கிளப்பிக் காலியாகப் போட்டு வைத்தார்கள். இடிக்கும் வரைக்கும் என்று துருக்கியத் தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் கொடுத்தார்கள். ஒரு பக்கம் வெறும் வீடுகள், மறுபக்கம் வீட்டை விட்டு ஓடிவந்த தொழில் பழகும் பையன்கள். ‘உடையுங்கள்’ என்று பாடிய குழுவின் மிக நீடித்த காரியம் ஒரு கட்டடத்தை இடிபடாமல் காத்ததுதான். அடுத்த ஏப்ரலில் பொலிஸ் பெரும் சோதனை நடத்தியது. இல்லம் போகவில்லை. அதைப் பற்றிய பாட்டு 1972இல் வந்த இரட்டைத் தட்டில் இருக்கிறது, நான் சுவரில் பார்த்த தலைப்புக் கொண்ட அதே தட்டு.

அந்தத் தலைப்புப் பாட்டைப் பற்றி ஒரு கதை உண்டு. செம்படைப் பிரிவு என்ற ஆயுதக் குழுவின் வட்டாரத்திலிருந்து ஒரு பாட்டுக் கேட்டார்களாம். எழுதிக் கொடுத்தால், இது விசர்க்கதை, ஏகாதிபத்திய எதிர்ப்புக்கு உதவாது என்று திருப்பிவிட்டார்களாம். உண்மை எவ்வளவு, மெருகு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் கதையில் தர்க்கம் இருக்கிறது. ஒருவருக்கும் அதிகாரம் வேண்டாம் என்றால், துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும்தான் வேண்டாம். அதை எந்த இயக்கம் தன் கீதமாக வைத்துக்கொள்ளும்?

இதற்குப் பிறகுதான் எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான பகுதி. புகழ் வந்தது, பணம் வரவில்லை. ஒவ்வொரு இடதுசாரிக் குழுவும், ஒவ்வொரு வழக்கு நிதியும், ஒவ்வொரு ஆக்கிரமித்த வீடும் இவர்களைக் கூப்பிட்டது. இலவசமாகப் பாட வேண்டும். சம்பளம் கேட்டால் துரோகி, நுழைவுக் கட்டணம் வைத்தால் முதலாளி. காதல் பாட்டு எழுதினால், வர்க்கம் எங்கே? குழுவை நாணயம் போட்டால் பாடுகிற பெட்டியாக ஆக்கிவிட்டார்கள், நாணயமும் போடாமல். இயக்கப் பாடல்கள் ஒலித்த மண்ணிலிருந்து வந்த நமக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

1975இல் பேர்லினை விட்டே போனார்கள். டென்மார்க் எல்லைக்கு அண்மையில், வடக்கு ஃப்ரீஸ்லாந்தில் ஃப்ரேசன்ஹாகன் என்ற இடத்தில் ஒரு பழைய விவசாயி வீடு. அதே ஆண்டு வந்த மூன்றாவது தட்டில் கோஷம் குறைந்து இருட்டும் அன்பும் கூடியிருந்தன. பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ரியோ ஆண்களை நேசித்தவர். அவர் வளர்ந்த காலத்து மேற்கு ஜேர்மனியில் அது தண்டனைக்குரிய குற்றம். சட்டப் பிரிவு 175ஐ 1969இல் தளர்த்தினார்கள், முழுதாக நீக்கியது 1994இல்தான். புரட்சித் தோழர்களிடமும் இதில் பெரிய தாராளம் இருந்ததில்லை. 1970களின் பிற்பகுதியில் ஹம்பேர்க்கின் ‘ப்ரூவார்ம்’ என்ற தற்பாலின நாடகக் குழுவுடன் சேர்ந்து இவர்கள் இரண்டு தட்டுகள் செய்தார்கள். முஷ்டி உயர்த்திய பாட்டுகளை விட அதற்கு அன்றைக்கு அதிக துணிச்சல் தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். இவர்கள் பேர்லினை விட்டுப் போன அதே 1975 செப்டெம்பரில், லைப்சிக் நகரில் ‘கிளௌஸ் ரென்ஃப்ட் கொம்போ’ என்ற கிழக்கு ஜேர்மன் றொக் குழுவை அதிகாரிகள் கூப்பிட்டார்கள். தொழிலாளி வர்க்கத்தை அவமதிக்கும் பாடல் வரிகள் என்பது குற்றச்சாட்டு. உங்களைத் தடை செய்யவில்லை, நீங்கள் இனி இல்லை என்று அறிவித்தார்கள். ரென்ஃப்ட் அந்தச் சந்திப்பை ஒளித்து வைத்த கருவியில் பதிவு செய்தார். பாடலாசிரியர் பன்னாஹும் குழுவின் குனர்ட்டும் அடுத்த ஆண்டு கைதாகி, 1977இல் மேற்குக்கு அனுப்பப்பட்டார்கள். மேற்கில் ஒரு குழுவை அதன் ஆதரவாளர்கள் களைக்கச் செய்தார்கள், கிழக்கில் ஒரு குழுவை அரசு இல்லையென்று ஆக்கியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. மேற்கில் வீட்டுச் சோதனை நடந்தது, ஆனாலும் தட்டு வெளிவந்தது.

1982இல் குழுவுக்கு ஒரு புதிய நிர்வாகி வந்தார். கிளௌடியா ரோட் என்று பெயர். ஆம், அதே கிளௌடியா ரோட்தான். பின்னால் பசுமைக் கட்சித் தலைவர், நாடாளுமன்றத் துணைச் சபாநாயகர், 2021 முதல் 2025 வரை மத்திய அரசின் கலாசாரப் பொறுப்பாளர். யாருக்கும் அதிகாரம் வேண்டாம் என்ற குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர். கடன் அவராலும் அடையவில்லை. 1985இல் குழு கலைந்தது.

கடனை அடைக்க ரியோ தனியாகப் பெரிய கம்பனியிடம் போனார். 1986இல் ‘ஜேர்மனியின் அரசன்’ என்ற நையாண்டிப் பாட்டு நாடெங்கும் ஒலித்தது. நான் ரியோவின் குரலை முதலில் கேட்டது அதில்தான், ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறை வானொலியில், பாத்திரம் கழுவிக்கொண்டு. சுவரிலிருந்த வாசகமும் இந்தக் குரலும் ஒரே ஆள் என்று விளங்க இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

1988 ஒக்டோபரில் ரியோ கிழக்கு பேர்லினின் ஸேலன்பின்டர் மண்டபத்தில் பாடினார். அரச இளைஞர் அமைப்பின் ஆசீர்வாதத்தோடு. மேற்கின் முதலாளித்துவத்தைத் திட்டுகிற பாடகர்தானே, ஆபத்தில்லை என்று நினைத்திருப்பார்கள். பழைய குழுவின் 1972 பாட்டு ஒன்றை எடுத்தார். கனவு நனவான ஒரு நாடு எங்காவது இருக்கிறதா என்று கேட்டு, எனக்குத் தெரியாது, இந்த நாடு அது இல்லை என்பது மட்டும் தெரியும் என்கிற கருத்தில் பதில் சொல்லும் பாட்டு. எழுதும்போது ‘இந்த நாடு’ மேற்கு ஜேர்மனி. அன்றிரவு ஆயிரக்கணக்கான கிழக்கு ஜேர்மன் இளைஞர்கள் அந்த இடத்தில் எழுப்பிய ஓசையைப் பதிவில் கேட்கலாம். ஒரு சொல்லும் மாறவில்லை. சுட்டுப்பெயர் மட்டும் நாடு மாறிவிட்டது. பதின்மூன்று மாதம் கழித்துச் சுவர் திறந்தது. பாட்டால் திறந்தது என்று சொல்ல மாட்டேன்.

அதே எளிமைக்கு வேறொரு முகமும் உண்டு. பின்னாளில் நவநாஜி இளைஞர்களும் தங்கள் ஊர்வலங்களில் இந்தக் குழுவின் பாட்டுகளை ஒலிக்கவிட்டார்கள். ‘உங்களை உடைப்பது’ எது என்று பாட்டு பெயர் சொல்லாவிட்டால், கேட்கிறவன் தனக்கு வேண்டியவரின் பெயரை அதில் போட்டுக்கொள்வான். இதைக் குழுவின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முதல் பாட்டை இப்போது என்னால் முன்புபோலக் கேட்க முடிவதில்லை.

ரியோ 1996 ஓகஸ்ட் 20இல் ஃப்ரேசன்ஹாகனில் இறந்தார். வயது 46. விசேட அனுமதியோடு அந்த வீட்டு வளவிலேயே புதைத்தார்கள். வீடு கைமாறியபோது, 2011இல், அவரைப் பேர்லினின் பழைய மத்தேயு இடுகாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிரிம் சகோதரர்கள் கிடக்கும் இடம். 2022இல் குரோய்ட்ஸ்பெர்க்கில், பிரஷ்ய இளவரசர் ஒருவரின் பெயரில் இருந்த ஹைன்ரிஹ் சதுக்கத்தை ரியோ ரைசர் சதுக்கம் என்று மாற்றினார்கள். அங்கிருந்து பத்து நிமிட நடையில் ரௌஹ் இல்லம். இன்னும் இளைஞர்கள் அதைத் தாங்களே நடத்தி வசிக்கிறார்கள். என் வாசகம் இருந்த சுவருக்கு வெள்ளை அடித்துப் பல காலமாகிறது. அந்த வீட்டில் இப்போது ஒரு அறையின் வாடகையைச் சொன்னால் ரொறொன்ரோ நண்பர்களே பரிதாபப்படுவார்கள்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று நேரலையில் ஒரு தங்கை எழுதிக் கேட்டிருக்கிறா. 1972ஆம் ஆண்டுத் தட்டு என்று எல்லோரும் சொல்லுவார்கள். நான் 1975ஆம் ஆண்டுத் தட்டைச் சொல்லுவேன். ஜேர்மன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இரவில் கேளுங்கள் தங்கச்சி.